மேயும் பன்றியும் வேலியின் பொறுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சங்க இலக்கியத்தில் பன்றி இருவேறு முகங்களுடன் காட்சியளிக்கிறது. பிட்டங்கொற்றனின் மலைநாட்டைப் பாடும் புறநானூற்று 168ஆம் பாடலில், காட்டுப்பன்றிகள் தம் கூட்டத்தோடு காந்தள் கிழங்கைத் தேடி நிலத்தைக் கிளறுகின்றன. அவ்வாறு புழுதியான நிலத்தில், நல்ல நாளும் ஈரப்பதமும் பார்த்துக் குறவர்கள் ஏர் பூட்டாமலே தினை விதைக்கின்றனர். மலைபடுகடாமோ வேறொரு காட்சியைத் தருகிறது. விளைந்த புனத்தைப் பன்றி அழித்துவிடும் என்று அஞ்சி, அது வரும் வழியறிந்து கல்லால் ஆகிய பொறிகளை மலைவாழ் மக்கள் அமைக்கின்றனர். விதைப்புக்கு முன் உழவனாக வந்த விலங்கே, விளைச்சலின்போது பகையாக நிற்கிறது. இரு பாடல்களிலும் பன்றி செய்யும் தொழில் ஒன்றே. அது செய்யப்படும் காலமே வேறு.

இவை காட்டுப்பன்றியைப் பற்றியவை. வீட்டுப்பன்றியைப் பற்றிய சிறந்த சான்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. கள் அடும் மகளிரின் மனைப்புறத்தே கழிவுநீர் தேங்கிய சேற்றில் பெண்பன்றி தன் குட்டிகளோடு ஆடித் திரிகிறது. ஆண்பன்றியோ அதனோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தப்பட்டு, நெல்லை இடித்த மாவு ஊட்டப்பட்டுப் பல நாள் வளர்க்கப்படுகிறது. திரியும் பன்றியும் அடைபட்ட பன்றியும் ஒரே மனையில் இடம்பெறும் காட்சி இது. இதே புலவரான கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலையில் குட்டிகளையுடைய பன்றிகள் கோழிகளோடு புறச்சேரியில் திரிகின்றன.

இப்பகுதியைக் கற்பிக்கும்போது மாணவர் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு: ஆட்டையும் மாட்டையும் மேய்ச்சலுக்கு ஓட்டிய சமூகம் பன்றியை ஏன் குழியில் நிறுத்தியது? கொழுக்க வைப்பதற்காக என்பது எளிய விடை. அவ்விடை உண்மையே எனினும் முழுமையன்று. பன்றியை மேய்ச்சல் நிலத்தில் வளர்ப்பது வேறெந்தக் கால்நடையையும் வளர்ப்பதைவிடக் கடினமானது. அக்கடினத்தை எதிர்கொள்ள ஒவ்வொரு சமூகமும் சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டது. அந்த ஏற்பாடுகளைக் காலம், எல்லை, எண்ணிக்கை என மூன்றாக வகுக்கலாம். இவற்றைப் பேணும் பொறுப்பு யார்மீது சுமத்தப்பட்டது என்பதே பன்றி வளர்ப்பின் சமூக வரலாறு என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு நீண்ட, தொடர்ச்சியான ஆவணச் சான்றுகளைக் கொண்ட இங்கிலாந்தும், அங்கிருந்து குடியேறியோர் அமெரிக்காவில் அமைத்த குடியிருப்புகளும் முதன்மைக் களமாகக் கொள்ளப்படுகின்றன. ஒப்பீட்டுக்காக ஸ்பெயின் நாடும், இறுதியில் இந்தியச் சூழலும் நோக்கப்படுகின்றன.

பன்றியின் இயல்பும் மேய்ச்சலின் இடர்களும்

வரலாற்றை நோக்குமுன் விலங்கின் இயல்பை அறிதல் வேண்டும். மாடும் ஆடும் அசைபோடும் விலங்குகள். புல்லையே முழு உணவாகக் கொண்டு வாழவல்லவை. பன்றி ஒற்றை இரைப்பை உடையது. புல்லிலிருந்து அது பெறும் சத்து ஒரு பகுதியே. கிழங்கு, கொட்டை, கனி, புழு, தானியம் ஆகியவற்றால் எஞ்சிய பகுதி நிறைவு செய்யப்பட வேண்டும். ஆகவே பசும்புல் நிறைந்த வெளியில் பன்றியை விட்டுவிட்டால் மட்டும் அது கொழுக்காது.

இரண்டாவது இடர் அதன் மூக்கில் உள்ளது. பன்றியின் மூக்கு நுனியில் தட்டுப்போன்ற குருத்தெலும்பும் அதைத் தாங்கும் சிற்றெலும்பும் உள்ளன. கூரிய மோப்ப ஆற்றலும் இவற்றோடு சேர்வதால் நிலத்தைக் கிளறுதல் அதன் பிறவிக் குணமாகிறது. ஆடு புல்லின் நுனியைக் கடிக்கிறது. பன்றி வேரோடு புரட்டுகிறது. மழைக்காலத்தில் ஈரமான களிமண் நிலத்தில் பன்றிகள் நெடுநாள் நின்றால் புல் முற்றும் அழிந்து மண் இறுகிவிடும். அவற்றின் சாணத்திலுள்ள நைட்ரஜன் நீரோடு கலந்து கீழிறங்கும்.

மூன்றாவது, வெப்பம். உடலைக் குளிர்விக்கும் அளவுக்கு வியர்வைச் சுரப்பிகள் பன்றிக்கு இல்லை. நிழலும் சேறும் இன்றி அது வெயிலைத் தாங்காது. வெண்ணிற இனங்களின் தோல் வெயிலில் புண்ணாகும். பெரும்பாணாற்றுப்படை காட்டும் சேற்றில் ஆடும் பெண்பன்றி, அழுக்கை விரும்பிச் சேற்றில் கிடக்கவில்லை, வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது.

நான்காவது, நோய். பன்றியின் குடலில் வாழும் உருண்டைப்புழுவின் முட்டைகள் மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் இருக்கும். நுரையீரல் புழு ஒன்று மண்புழுவின் உடலில் வளர்ந்து, மண்புழுவைத் தின்னும் பன்றியை வந்தடைகிறது. கிளறித் தின்னும் பழக்கமே நோய்க்கு வாயிலாகிறது. ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் மேய்த்தால் இவ்விடர் பெருகும்.

இந்நான்கு இடர்களுக்கும் பொதுவான தீர்வு ஒன்றே: பன்றி ஓரிடத்தில் நெடுநாள் நிற்கக்கூடாது, அளவுக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் நிற்கக்கூடாது, பயிர் உள்ள காலத்தில் பயிரருகே நிற்கவே கூடாது. இதைச் சொல்வது எளிது. நடைமுறைப்படுத்த நிலமும் ஆளும் சட்டமும் தேவை.

இங்கிலாந்தின் காடுகளும் மேய்ச்சல் உரிமையும்

இடைக்கால இங்கிலாந்தில் பன்றியின் மேய்ச்சல் நிலம் புல்வெளியன்று, காடு. இலையுதிர் காலத்தில் ஓக், பீச் மரங்களின் கொட்டைகள் உதிரும். அவற்றைத் தின்னப் பன்றிகளைக் காட்டுக்குள் விடும் உரிமையும் அதற்குச் செலுத்தும் கட்டணமும் ‘பன்னேஜ்’ என்று வழங்கப்பட்டன. வெஸ்செக்ஸ் அரசன் ஈனின் ஏழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சார்ந்த சட்டங்கள் இதற்கு மிகப் பழைய சான்றாகும். 30 பன்றிகள் அடியில் நிற்கத்தக்க ஒரு மரத்தை வெட்டியவன் 60 ஷில்லிங் தண்டம் செலுத்த வேண்டும் என அவை விதிக்கின்றன. மரத்தின் மதிப்பு அதன் நிழலில் நிற்கும் பன்றிகளால் அளக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. மேய்ச்சலுக்கான கட்டணமும் பன்றியாகவே பெறப்பட்டது. கொழுப்பு மூன்று விரற்கடை தடித்திருந்தால் மூன்றில் ஒரு பன்றியும், இரண்டு விரற்கடையானால் நான்கில் ஒன்றும், கட்டைவிரல் அளவானால் ஐந்தில் ஒன்றும் நிலவுடையவனுக்கு உரியது. காடு நன்கு ஊட்டிய ஆண்டில் மிகுதியாகவும், ஊட்டாத ஆண்டில் குறைவாகவும் வரி கொள்ளும் இம்முறை, விளைச்சலை ஒட்டி வாரம் பிரிக்கும் நம் வழக்கத்தோடு ஒப்பிடத்தக்கது.

1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேடு, இங்கிலாந்தின் கிழக்குப் பகுதிகள் பலவற்றில் காட்டின் பரப்பை நில அளவையால் குறிக்கவில்லை; ‘இத்தனை பன்றிகளுக்கான காடு’ என்றே குறிக்கிறது. இவ்வெண்களை உண்மையான பன்றித்தொகை எனக் கொள்ளுதல் பிழையாகும். ஓக் மரங்கள் எல்லா ஆண்டும் ஒரே அளவில் காய்ப்பதில்லை என்பதைச் சுட்டிக்காட்டிய காட்டியல் வரலாற்றறிஞர் ஆலிவர் ராக்கம், இவை காட்டின் மதிப்பைக் குறிக்கும் கணக்கலகுகளே என்று விளக்கினார். எனினும் பன்றி காட்டின் அளவுகோலாக விளங்கியது என்ற உண்மை மாறவில்லை.

ஊர்ப்பெயராய்வும் இதற்குத் துணை நிற்கிறது. தமிழில் ஆடுமாடுகளை அடைக்கும் இடத்தைக் குறித்த ‘பட்டி’ ஊர்ப்பெயர் ஈறாக நிலைத்ததை நாம் அறிவோம். அதுபோலவே தென்கிழக்கு இங்கிலாந்தின் வீல்டு காட்டுப் பகுதியில் ‘டென்’ என முடியும் ஊர்ப்பெயர்கள் மிகுதி. பன்றி மேய்ச்சலுக்கான காட்டு வெளியை அச்சொல் குறித்தது. டென்டர்டென் என்னும் ஊரின் பெயர் ‘தானெட் மக்களின் பன்றி மேய்ச்சலிடம்’ எனப் பொருள்படும். தானெட் கென்ட் பகுதியின் வடகிழக்குக் கோடியில் உள்ளது. அங்குள்ளோர் தம் பன்றிகளை நெடுந்தொலைவு ஓட்டிச்சென்று பருவகாலத்தில் மேய்த்தனர். அவர்கள் நடந்த தடங்கள் பின்னர்ச் சாலைகளாயின. பயிர் ஓரிடத்திலும் மேய்ச்சல் வேறிடத்திலும் அமைந்ததால் வேலியின் தேவை குறைந்தது. தொலைவே வேலியாயிற்று எனலாம்.

1217ஆம் ஆண்டின் காட்டுரிமைப் பட்டயமும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தனக்குரிய காட்டில் பன்றி மேய்க்கும் உரிமையை அது ஒவ்வொரு சுதந்திரக் குடிமகனுக்கும் உறுதி செய்தது. மேய்ச்சலுக்குச் செல்லும் வழியில் அவன் பன்றிகள் அரசனின் காட்டில் ஓரிரவு தங்க நேர்ந்தால் அதற்காக அவனுடைய உடைமை எதுவும் பறிக்கப்படலாகாது என்றும் கூறியது. பன்றியை ஓட்டிச்செல்லும் ஏழை நெறி தவறாமலே எல்லை கடக்க நேரிடும் என்பதைச் சட்டம் உணர்ந்திருந்தது.

மேய்ப்பனின் கொம்பு

பன்றியைக் கூட்டமாக மேய்ப்பது இயலாது என்பது பொதுவான எண்ணம். தென் இங்கிலாந்தின் நியூ பாரஸ்ட் காட்டருகே சமயப்பணி புரிந்த வில்லியம் கில்பின், 1791இல் வெளியிட்ட காட்டுக்காட்சி பற்றிய தம் நூலில் இதற்கு மாறான செய்தியைத் தருகிறார். ஒரு மேய்ப்பன் பல உழவர்களிடமிருந்து ஐந்நூறு, அறுநூறு பன்றிகளைப் பொறுப்பேற்கிறான். நீரோடையருகே, கிளை பரந்த மரமொன்றின் அடியில் தற்காலிகத் தடுப்பை அமைக்கிறான். முதல் நாள் அவற்றுக்கு வயிறு நிறைய உணவு தந்து, அப்போது கொம்பை ஊதுகிறான். மறுநாள் சற்றே மேயவிட்டு மீண்டும் ஊதி உணவளிக்கிறான். சில நாட்களில் கொம்பொலியைக் கேட்டதும் எல்லாப் பன்றிகளும் காட்டின் மூலைமுடுக்குகளிலிருந்து திரும்பிவிடும் நிலை உருவாகிறது. அதன்பின் அவனுக்குப் பெரிய வேலையில்லை.

இங்கே வேலியின் இடத்தை ஒரு மனிதனின் திறன் நிரப்பியது. பன்றியின் அறிவுக்கூர்மையே மேய்ச்சலின் தடையாகாமல் துணையாயிற்று. நியூ பாரஸ்ட்டில் இம்மேய்ச்சல் உரிமை இன்றும் தொடர்கிறது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் குறைந்தது 60 நாட்கள் பன்றிகள் விடப்படுகின்றன. தொடங்கும் நாள் கொட்டை உதிரும் நிலையைப் பார்த்து அறிவிக்கப்படுகிறது. நிலத்தை ஆழக் கிளறாதிருக்க மூக்கில் வளையம் இடப்படுகிறது. பச்சை ஓக் கொட்டைகள் குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சாவதால், பன்றிகள் அவற்றைத் தின்று தீர்ப்பது பிற கால்நடைகளுக்கும் காப்பாகிறது. புறநானூற்றுக் குறவர்களைப் போலவே இவர்களும் உரிய காலத்தில் பன்றியின் குணத்தைப் பயனாக்கிக்கொண்டனர்.

ஆயினும் இது எஞ்சிய ஓர் எச்சமே. மக்கள்தொகை பெருகிக் காடுகள் விளைநிலமாகி, எஞ்சிய காட்டில் மரமும் விறகும் பன்றியைவிட மதிப்புப் பெற்றபோது, பன்றி படிப்படியாகக் கொட்டிலுக்குள் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பொதுநிலங்கள் சட்டத்தின் துணையோடு வேலியிடப்பட்டுத் தனியுடைமையாயின. நிலமற்றவனின் பன்றி மேய இடமின்றிப் போயிற்று. பால்பண்ணையின் மோரும் மதுவடிப்பின் சக்கையும் பெரிய கொட்டில்களில் பன்றிக்கு உணவாயின. சீனப் பன்றிகளோடு கலந்து உருவாக்கப்பட்ட புதிய இனங்கள் அடைத்து வளர்ப்பதற்கு ஏற்றவையாயின. கள் அடும் மனையின் குழியில் நின்ற பன்றிக்கும் மதுவடிப்பு ஆலையின் கொட்டிலில் நின்ற பன்றிக்கும் இடையே வியக்கத்தக்க ஒற்றுமை உள்ளது.

கடல் கடந்த பன்றிகள்

பதினேழாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய ஆங்கிலேயர் தம்முடன் பன்றிகளையும் கொண்டுசென்றனர். மேய்க்க ஆளில்லை, பரந்த காடு இருந்தது. பன்றிகள் காட்டில் விடப்பட்டன; பெருகின. காவலும் பருவமும் எண்ணிக்கை வரம்பும் அங்கே பின்தங்கின.

விளைவு விரைவில் வெளிப்பட்டது. குடியேறியோர் பயிருக்குள்ளேயே பன்றிகள் புகுந்தன. மூக்கில் வளையமும் கழுத்தில் மரச்சட்டமும் இடவேண்டுமென ஊர்கள் விதித்தன. பன்றிகளைக் கண்காணிக்கவென்றே ஊர்தோறும் அலுவலரைத் தேர்ந்தெடுத்தன. 1636இல் பாஸ்டனில் காணாமற்போன ஒரு பெண்பன்றியைப் பற்றிய வழக்கு, செல்வ வணிகரான ராபர்ட் கீனுக்கும் ஷெர்மன் என்ற எளிய பெண்ணுக்கும் இடையே நீண்டது. 1642இல் அது மாசசூசெட்ஸ் பேரவைக்கு வந்தபோது ஆட்சியாளர் ஒருபுறமும் ஊர்ப் பிரதிநிதிகள் மறுபுறமும் பிரிந்தனர். 1644இல் அப்பேரவை இரு அவைகளாகப் பிரிந்ததற்கு அவ்வழக்கு ஓர் உடனடிக் காரணமாயிற்று. எல்லையின்றித் திரிந்த பன்றி ஆட்சியமைப்பையே மாற்றும் வழக்காக வளர்ந்தது.

இதனினும் பெரிய இழப்பு அந்நிலத்தின் தொல்குடிகளுக்கு நேர்ந்தது. அவர்களுக்கு வீட்டு விலங்கு நாயன்றி வேறில்லை. ஆகவே அவர்தம் மக்காச்சோளக் கொல்லைகளுக்கு வேலியும் இல்லை. பன்றிகள் கொல்லைகளையும், நிலத்தடியில் புதைத்துச் சேமித்த தானியத்தையும், கடற்கரையில் அவர்கள் தோண்டியெடுக்கும் சிப்பிப் படுகைகளையும் கிளறி அழித்தன. நாரகான்செட் தலைவர் மியான்டொனோமி 1642இல் ஆற்றியதாகப் பதிவாகியுள்ள உரையில், ஆங்கிலேயரின் பன்றிகள் தம் சிப்பிக் கரைகளைக் கெடுப்பதை முறையீடாக முன்வைத்தார். இழப்பீடு கோரச் சட்டத்தில் வழியிருந்தது. ஆனால் கொல்லைக்கு வேலியிடும் கடமையையும் அச்சட்டம் தொல்குடிகள்மீதே சுமத்தியது. பன்றியை வைத்திருந்தவன் ஒருவன். வேலி கட்ட வேண்டியவன் மற்றொருவன்.

தொல்குடிகள் இதற்குத் தக்கவாறு மாற முயன்றனர். தாமும் பன்றி வளர்த்தனர். வாம்பனோவாக் தலைவர் மெட்டாகாம் தம் பன்றிகளை ஒரு தீவில் மேயவிட்டபோது, 1669இல் போர்ட்ஸ்மத் ஊரார் அவற்றை அகற்றுமாறு கட்டளையிட்டனர். அத்தீவின் பெயரே பன்றித்தீவு என்பது வரலாற்றின் முரண். பன்றி மேய்க்கும் உரிமை ஒரு சாராருக்கு மட்டுமே உரியது என்பதை அது காட்டியது. 1675இல் மெட்டாகாம் தலைமையில் மூண்ட பெரும்போருக்குக் காரணங்கள் பல. கால்நடைகளால் நேர்ந்த நிலத்தகராறுகள் அவற்றுள் முக்கியமானவை என ஆய்வாளர் வர்ஜீனியா டிஜான் ஆண்டர்சன் விரிவாக நிறுவியுள்ளார்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இக்கதை மறுதலையாக நடந்தது. அங்கே நெடுங்காலம் பயிருடையவனே வேலியிட வேண்டும் என்பது வழக்கம். நிலமற்றவனும் தன் பன்றிகளைத் திறந்த காட்டில் மேய்க்கலாம். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், பெருநிலக்காரர்கள் இவ்வழக்கத்தை மாற்ற முற்பட்டனர். 1870களிலிருந்து வட்டாரம் வட்டாரமாகக் கால்நடை உடையவனே அவற்றை அடைத்து வைக்க வேண்டும் என்ற சட்டங்கள் வந்தன. நிலமில்லாத கறுப்பினத்தாரும் ஏழை வெள்ளையரும் பன்றி வளர்க்கும் வாய்ப்பை இழந்து, கூலிக்கும் குத்தகைக்கும் மேலும் கட்டுண்டனர். நியூ இங்கிலாந்தில் பயிருடையவன்மீது விழுந்த வேலி தொல்குடியை வருத்தியது. தென்மாநிலங்களில் பன்றியுடையவன்மீது விழுந்த வேலி நிலமற்றவனை வருத்தியது. சட்டம் எத்திசையில் அமைந்தாலும் சுமை வலியவன் தோளில் ஏறவில்லை.

ஸ்பெயினின் ஓக் வெளிகள்

மேய்ச்சல் முறை நிலைத்துநின்ற இடமும் உண்டு. ஸ்பெயினின் தென்மேற்குப் பகுதியில் ஓக் மரங்கள் இடைவெளிவிட்டு நிற்கும் புல்வெளிகள் ‘தெஹேசா’ எனப்படுகின்றன. இலையுதிர் காலம் முதல் குளிர்காலம் வரை ஐபீரியப் பன்றிகள் அங்கே ஓக் கொட்டையையும் புல்லையும் மேய்ந்து கொழுக்கின்றன. 2014ஆம் ஆண்டின் அரசாணை இம்முறையின் எல்லைகளைத் துல்லியமாக வகுத்தது. மரச்செறிவுக்கு ஏற்ப ஒரு ஹெக்டேருக்கு மிகுதியாக 1.25 பன்றிகளே விடப்படலாம். 60 நாட்களுக்குக் குறையாமல் மேய்ந்து, 46 கிலோவேனும் எடை கூடியிருக்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் கொழுப்பை விரலால் அளந்த அதே நோக்கம் இங்கே எண்களில் தொடர்கிறது.

இம்முறை நிலைத்ததற்கு அந்த இறைச்சிக்குக் கிடைக்கும் உயர்ந்த விலை ஒரு காரணம். ஆனால் உயர்ந்த விலையும் நோயைத் தடுக்கவில்லை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 1957இல் போர்ச்சுகலிலும் 1960இல் ஸ்பெயினிலும் புகுந்தது. பழைய பன்றிக் கொட்டில்களின் சுவர் வெடிப்புகளில் வாழ்ந்த ஒருவகை உண்ணி, கிருமியைத் தன்னுள் ஆண்டுக்கணக்கில் தாங்கியிருந்ததால் மேய்ச்சல் பகுதிகளில் நோயை ஒழிப்பது மிகக் கடினமாயிற்று. 1995இல்தான் ஸ்பெயின் நோயற்றதாக அறிவிக்கப்பட்டது. 2025 நவம்பரில் பார்சிலோனா அருகே காட்டுப்பன்றிகளில் அந்நோய் மீண்டும் கண்டறியப்பட்டது. வேலியைத் தாண்டிவரும் காட்டு உறவினன், மேயும் பன்றிக்கு இன்றும் தீராத அச்சமாகவே உள்ளான்.

இந்தியச் சூழல்

வராக வடிவில் நிலமகளை மீட்ட இறைவனைக் கல்லில் வடித்து வணங்கிய நாடு இது. பொற்காசுக்கு வராகன் எனப் பெயர் வழங்கிய நாடு. ஆயினும் வீட்டுப்பன்றியையும் அதை வளர்ப்போரையும் ஊரின் விளிம்பிலேயே நிறுத்தியது. பட்டினப்பாலையின் பன்றி திரிவதும் புறச்சேரியில்தான். இந்தியச் சமவெளிகளில் பன்றிக்கென மேய்ச்சல் நிலம் ஒதுக்கப்பட்டதில்லை. ஏரிக்கரை, வயலோரம், குப்பைமேடு ஆகியவையே அதன் மேய்ச்சல் நிலமாயின. வளர்த்தோரில் பெரும்பாலோர் நிலமற்றோர்.

பிரித்தானிய ஆட்சி 1871இல் இயற்றிய கால்நடை அத்துமீறல் சட்டம் இந்நிலையை எழுத்தில் வடித்தது. பிறர் நிலத்தில் புகும் கால்நடைகளைக் கொண்டித்தொழுவில் அடைக்கும் முறையை வகுத்த அச்சட்டம், கால்நடை என்ற சொல்லில் பன்றியையும் உள்ளடக்கியது. அதனோடு நில்லாது, 26ஆம் பிரிவில் பன்றிக்கென்றே தனித் தண்டனை விதித்தது. கவனக்குறைவால் தன் பன்றிகள் பிறர் நிலத்தையோ பயிரையோ பொதுச்சாலையையோ கெடுக்கவிட்டவனுக்குப் பத்து ரூபாய் வரை தண்டம் என்றது. வேண்டுமாயின் அப்பிரிவைப் பிற கால்நடைகளுக்கும் நீட்டிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. விதிக்கு முதல் இலக்கு பன்றியாகவும், ஏனையவை விரிவாகவும் அமைந்தமை காண்க. காட்டுரிமைப் பட்டயம் ஓரிரவுப் பிழையைப் பொறுத்துக்கொண்டது. அதன் மரபில் வந்தோர் இங்கே இயற்றிய சட்டமோ, மேய்ச்சல் நிலத்தைத் தராமலே மேய்ந்ததற்குத் தண்டம் விதித்தது.

இதற்கு மாறான ஓர் இந்திய மரபும் உண்டு. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் எனக் குறிக்கும் நிக்கோபார்த் தீவுகளில், பன்றிகள் பகலில் தென்னந்தோப்பிலும் காட்டோரத்திலும் திரிந்து, மாலையில் அழைப்பொலி கேட்டுத் தேங்காய் தின்னத் திரும்புகின்றன. கில்பின் கண்ட மேய்ப்பனின் கொம்புக்கும் இவ்வழைப்புக்கும் தொடர்பேதுமில்லை. இடர் ஒன்றானதால் தீர்வும் ஒன்றாயிற்று. கார் நிக்கோபாரில் தோப்புகள் கூட்டுக்குடும்பத்தின் உடைமை. பன்றி அவர்தம் விழாவிலும் சடங்கிலும் மதிப்புக்குரியது. தோப்பும் பன்றியும் ஒரே குடும்பத்துக்கு உரியவை ஆகையால் வேலி யார் பொறுப்பு என்ற வினா கூர்மையடையவில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை தோப்புகளையும் பன்றிகளையும் ஒருங்கே வாரிச்சென்றது. அது உணவிழப்பு மட்டுமன்று. ஒரு வாழ்க்கை ஒழுங்கின் இழப்பாகும்.

இன்று நாடு முழுவதும் பன்றித்தொகை சுருங்கிவருவதைக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. 2012இல் ஒரு கோடியே 3 லட்சம் அளவில் இருந்த எண்ணிக்கை, 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 90 லட்சத்து 60 ஆயிரமாகக் குறைந்தது. 2020இல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. திரியும் பன்றி நோயைப் பரப்பும் என்பதும், திறந்தவெளிக் கழிப்பிடம் உள்ள இடத்தில் அது உண்ணும் உணவால் நாடாப்புழு மனிதரைத் தாக்கும் என்பதும் மறுக்கவியலாதவை. ஆகவே பன்றியை அடைத்து வளர்க்குமாறு அறிவுறுத்துவது நியாயமே. ஆனால் அடைத்து வளர்க்கக் கொட்டிலும் தீவனமும் நீரும் நிலமும் தேவை. அவற்றைத் தராமல் அடைக்கச் சொல்வது, வளர்க்காதே என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பன்றியின் மூக்கு நிலத்துக்கு எக்காலமும் பகையன்று. உரிய காலத்தில் அது ஏர், காலம் தவறின் கேடு. காலம், எல்லை, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சமூகம் பொதுப்பொறுப்பாக ஏற்ற இடங்களில் மேய்ச்சல் முறை நூற்றாண்டுகள் நிலைத்தது. நியூ பாரஸ்ட்டின் பருவ அறிவிப்பும் ஸ்பெயினின் எண்ணிக்கை வரம்பும் நிக்கோபாரின் மாலை அழைப்பும் அதற்குச் சான்றுகள். அப்பொறுப்பை எளியவர்மீது மட்டும் சுமத்திய இடங்களில் முதலில் பூசல் எழுந்தது. பின்னர் பன்றியும் அதை வளர்த்தோரும் ஒருங்கே வெளியேற்றப்பட்டனர்.

மாணவரின் வினாவுக்கு இப்போது சற்று விரிவான விடை கூற இயலும். பெரும்பாணாற்றுப்படையின் ஆண்பன்றி குழியில் நின்றது கொழுப்பதற்காக மட்டுமன்று எனக் கருத இடமுண்டு. தொண்டைநாட்டின் நெருங்கிய வயல்களும் குடியிருப்புகளும் சூழ்ந்த இடத்தில், மேய்ச்சலுக்கெனக் காடில்லாத ஒரு மனை, தன்னிடமிருந்த நெல்மாவையும் சிறு குழியையும் கொண்டு கண்ட தீர்வு அது. வேலியின் செலவை அம்மனையே ஏற்றது. இன்றும் ஊர்ப்புறத்தில் பன்றி வளர்க்கும் குடும்பத்திடம் நாம் அதையே எதிர்பார்க்கிறோம். அன்று குழி தோண்ட அம்மனைக்கு நிலம் இருந்தது. இன்று அக்குடும்பத்துக்கு அந்நிலம் உண்டா என்பதையும் சேர்த்து ஆராய்வது கால்நடை வரலாற்றாய்வின் கடமையாகும்.